முளைத் தானியத்தில் மால்ட் பானம்: சேலத்து வெயிலுக்கும் ஏற்காட்டுக் குளிருக்கும் ஏற்ற செய்முறை

ஐம்பது கிராம் ஜவ்வரிசியை அரை லிட்டர் தண்ணீரில் முத்துகள் முழுதும் கரையும்வரை வேகவைத்து, கெட்டியான கஞ்சியாக்கி, இரண்டு பாத்திரங்களில் சமமாகப் பிரித்து, 68 டிகிரி செல்சியசுக்கு ஆறவிடுங்கள். வெயிலில் மட்டும் உலர்த்தி அரைத்த முளைகட்டிய கேழ்வரகு மாவை ஒரு தேக்கரண்டி எடுத்து முதல் பாத்திரத்தில் கலக்குங்கள். அதே முளைகட்டிய கேழ்வரகை, நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுபோல வாணலியில் மணம் வர வறுத்து அரைத்த மாவை இரண்டாவது பாத்திரத்தில் கலக்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடங்களில் முதல் கஞ்சி நீர்த்து மோர்போல ஓடத் தொடங்கும். நாவில் வைத்தால் இனிப்பும் தெரியும். இரண்டாவது கஞ்சி கெட்டியாகவே இருக்கும்.

மரவள்ளி மாவுக்கும் ஜவ்வரிசிக்கும் பெயர்பெற்ற சேலத்தில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க எந்தத் தடையும் இல்லை. முழுத் தானியத்திலிருந்து பானம் காய்ச்ச விரும்பும் எவரும் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தானியம் முளைக்கும்போது அதற்குள் அமைலேஸ் என்னும் நொதிகள் உருவாகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது அவற்றின் வேலை. மிதமான சூட்டில் அவை விரைந்து வேலை செய்கின்றன. அதைத் தாண்டிய சூட்டில் அழிந்துவிடுகின்றன. இரண்டாவது பாத்திரத்தில் நடந்தது அதுதான்: வாணலியின் சூடு மணத்தைக் கொடுத்து நொதியை எடுத்துக்கொண்டது. இந்தச் செய்முறை முழுவதும் சூட்டைப் பற்றியதுதான். தானியத்தை எந்தச் சூட்டில் முளைக்க வைப்பது, எதில் உலர்த்துவது, எதில் கரைத்து நிறுத்துவது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தவருக்கு மற்றவை எல்லாம் எளிது.

ஐரோப்பாவில் முழுத் தானியத்திலிருந்து பீர் காய்ச்சுபவர்கள் கடைப்பிடிக்கும் முறையையே இங்கும் பின்பற்றுகிறோம். ஆனால், மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின், சாற்றைக் கொதிக்கவைத்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம், ஈஸ்ட் சேர்ப்பதில்லை. ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். அந்த ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் உள்ளது. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது அதன்படி குற்றம். இதனால் நாம் இழப்பது குறைவு என்றே நான் கருதுகிறேன். பீரின் நிறம், வாயில் படியும் கனம், ரொட்டி மணம், காப்பி மணம் ஆகியவற்றில் பெரும்பகுதி மால்ட்டிலிருந்தும் அதைக் கரைத்து நிறுத்தும் சூட்டிலிருந்தும்தான் வருகிறது. ஜெர்மனியில் மால்ட்ஸ்பியர் என்ற பெயரில் மது அற்ற மால்ட் பானத்தைப் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். நாம் செய்யப்போவது அதன் உறவினம்.

தானியத்தைத் தேர்ந்தெடுத்தல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் தானியக் கடைகளில் கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாம் கிடைக்கும். ஏற்காட்டு மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் கேழ்வரகையும் சாமையையும் தலைமுறைகளாகப் பயிரிட்டு வருகிறார்கள். முதல் முயற்சிக்குக் கேழ்வரகுதான் சிறந்தது. சிறுதானியங்களில் முளைகட்டுவதற்கு மிக இணக்கமானது அது. 25 முதல் 30 டிகிரி வரையிலான நம் வீட்டுச் சூட்டிலேயே நன்றாக முளைக்கும். எளிதில் பூஞ்சையும் பிடிக்காது. கம்பில் கொழுப்பு மிகுதி என்பதால் அரைத்த மாவு சில நாட்களிலேயே காறல் அடிக்கும். அரைத்த அன்றே பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சோளத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. அதன் முளையிலும் வேரிலும் சயனைடை வெளிவிடும் பொருள் உருவாகிறது. ஆகவே முளைவிட்ட சோளத்தைப் பச்சையாக உண்ணக் கூடாது. உலர்த்திய பின் முளையையும் வேரையும் முழுதும் உதிர்த்து நீக்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் சோளத்தைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

பார்லியை விரும்புபவர்கள் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மளிகைக் கடையில் கஞ்சிக்கென்று விற்கும் வெண்ணிறப் பார்லி, உமி நீக்கித் தீட்டப்பட்டது. தீட்டும்போது முளை சிதைந்துவிடுவதால், எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது முளைக்காது. உமியோடு கூடிய முழுப் பார்லியைக் கேட்டு வாங்க வேண்டும்; பூசைப் பொருள்கள் விற்கும் இடங்களில் யவம் என்ற பெயரில் கேட்டுப் பாருங்கள். விதைக்கென்று மருந்து தடவி, சிவப்பு அல்லது பச்சை நிறம் ஏற்றிய தானியத்தை எக்காரணம் கொண்டும் உணவுக்கு எடுக்காதீர்கள். எந்தத் தானியமாக இருந்தாலும், நூறு மணிகளை எண்ணி ஈரத்துணியில் மடித்து மூன்று நாள் வையுங்கள். தொண்ணூற்றைந்துக்கு மேல் முளைத்தால் அது நல்ல தானியம். எண்பத்தைந்துக்குக் கீழே போனால் கைவிட்டுவிடுங்கள். முளைக்காத மணிகள்தான் முதலில் அழுகி மற்றவற்றையும் கெடுக்கும்.

பார்லி குளிர்நாட்டுப் பயிர். 15 முதல் 18 டிகிரி வரை அது நிதானமாக, நாலைந்து நாட்களில், சீராக முளைக்கும். சேலம் நகரில் சித்திரை மாத வெயிலில் நான் முதன்முறை பார்லியை முளைகட்டியபோது, இரண்டாம் நாளே வழவழப்பாகிப் புளித்த வாடை வந்துவிட்டது; ஒரு கிலோவையும் உரக்குழியில் கொட்ட நேர்ந்தது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழியிலும் தையிலும் அங்கே வீட்டுக்குள்ளேயே பார்லிக்கு ஏற்ற குளிர் இருக்கும். அதனால் சமவெளியில் கேழ்வரகு, மலையில் குளிர்காலத்தில் பார்லி என்று பிரித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு முறையும் தானியத்தைக் கொட்டவில்லை. சமவெளியில் இருந்துகொண்டே பார்லி வேண்டும் என்பவர்கள் குளிர்மாதங்களில், ஈரச் சாக்கு சுற்றிய மண்பானைக்குள் வைத்து முயலலாம்.

முளைகட்டுதல்

ஒரு கிலோ கேழ்வரகை நான்கைந்து முறை அலசி, மிதக்கும் பொக்கு மணிகளை நீக்கி, கல்லும் மண்ணும் போக அரித்தெடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் ஊறட்டும். இடையில் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். நீருக்கு அடியில் கிடக்கும் மணிக்கும் மூச்சுத் தேவை என்பதால், பார்லியை எட்டு மணி நேரம் ஊறவைத்து, நான்கு மணி நேரம் வடித்துக் காற்றாட விட்டு, மீண்டும் எட்டு மணி நேரம் ஊறவைப்பதே முறை. நன்றாக ஊறிய மணியில் எடைக்கு 42 முதல் 45 சதவீதம் ஈரம் இருக்கும். ஊறவைக்கும் முன்னும் பின்னும் எடை போட்டால் இது தெரிந்துவிடும்: ஒரு கிலோ உலர்ந்த பார்லி ஒன்றரை கிலோவை ஒட்டி வந்தால் போதும்.

பிறகு நன்றாக வடித்து, ஈரமான பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து தொங்கவிடுங்கள். அளவு அதிகமாக இருந்தால் மூங்கில் தட்டில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி ஈரத்துணியால் மூடுங்கள். எங்கள் அம்மாயி கேழ்வரகு முளைகட்டும்போது நாளுக்கு நான்கு முறை முடிச்சுக்குள் கையை விட்டுப் பார்ப்பார். "கண்ணு, தானியம் சுட்டுச்சுன்னா அதுக்கு மூச்சு முட்டுதுன்னு அர்த்தம், பிரிச்சு விடு" என்பார். அவர் சொன்னது அறிவியல்படியும் சரியானது. முளைக்கும் தானியம் சுவாசிக்கிறது. சுவாசிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பம் குவியலின் நடுவில் தேங்கினால் அழுகல் தொடங்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பிரித்துக் கிளறி, தண்ணீர் தெளித்து, மீண்டும் மூடுங்கள்.

கஞ்சி மாவுக்கு நாம் ஒரு நாளில், வேர் வெண்முனையாக எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறோம். நொதிகள் நிறைய வேண்டுமென்றால் அது போதாது. கேழ்வரகை இரண்டரை முதல் மூன்று நாள் வரை விடுங்கள். பார்லியில், உமிக்கு அடியில் ஊர்ந்து வளரும் முளை மணியின் நீளத்தில் முக்கால் பங்கை எட்ட வேண்டும். ஒரு மணியைக் கீறிப் பார்த்தால் தெரியும். அதை இரு விரலால் நசுக்கும்போது உள்ளிருப்பது சுண்ணாம்புப் பொடிபோல உதிர்ந்தால் பதம் சரி. கறுப்பு, பச்சை, இளஞ்சிவப்பு நிறத்தில் பூஞ்சை தெரிந்தாலோ, ஈர மண் வாசனைக்குப் பதிலாக மக்கிய வாடை வந்தாலோ, முழுவதையும் எறிந்துவிடுங்கள். பூஞ்சை நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது.

உலர்த்துதலும் வறுத்தலும்

ஈரமான நொதி சூட்டைத் தாங்காது. உலர்ந்த நொதி ஓரளவு தாங்கும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் உலர்த்துவதில் தவறு நேராது. முதல் கட்டத்தில் தானியம் 50 டிகிரியைத் தாண்டக் கூடாது. சேலத்து மொட்டைமாடியில் வெள்ளைத் துணியின் மேல் மெல்லியதாகப் பரப்பி, ஒன்றிரண்டு நாள் வெயிலில் அடிக்கடி கிளறிக் காயவைத்தால் இந்தக் கட்டம் செலவின்றி முடிந்துவிடும். சித்திரை, வைகாசியில் தரை மிகவும் சுடும் என்பதால் கயிற்றுக் கட்டிலின் மேல் துணி விரித்துக் காயவைப்பது பாதுகாப்பானது. ஏற்காட்டில் பனி மூடிய நாட்களில் வெயிலை நம்பியிருக்க முடியாது. மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விட்டு, பிறகு ஓவனை 45 டிகிரியில் வைத்துக் கதவைச் சற்றுத் திறந்தபடி உலர்த்த வேண்டும்.

மணி கடித்தால் நொறுங்கும் பதம் வந்ததும், உள்ளங்கைகளுக்கு இடையில் தேய்த்து வேர்களை உதிர்த்து, முறத்தில் புடைத்து நீக்குங்கள். வேர் தங்கினால் பானம் கசக்கும். ஒரு கிலோ பார்லியிலிருந்து சுமார் 800 கிராம் மால்ட் கிடைக்கும்.

இனிமேல் வருவதுதான் பானத்தின் வகையைத் தீர்மானிக்கும் கட்டம். உலர்ந்த பார்லி மால்ட்டை 80 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்தால் வெளிர் மால்ட். பச்சை மணம் நீங்கும், நொதிகள் பெரும்பாலும் பிழைக்கும். 1842இல் போஹீமியாவின் பில்சன் நகரில் யோசப் குரோல் காய்ச்சிய பொன்னிறப் பீருக்கு அடிப்படை இத்தகைய வெளிர் மால்ட்தான். சூட்டை 100 டிகிரியை ஒட்டி உயர்த்தினால் ரொட்டித் தோலின் மணமும் செம்பொன் நிறமும் வரும். அது மியூனிக் முறை. நொதிகள் குறைந்திருந்தாலும் தன் மாவுச்சத்தைத் தானே உடைத்துக்கொள்ளும் அளவுக்கு மிஞ்சியிருக்கும்.

வெல்லப்பாகு மணம் வேண்டுவோருக்கு இன்னொரு வழி இருக்கிறது. வெளிர் மால்ட்டில் கால் கிலோவை அரைக்காமல் முழு மணியாகவே இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, மூடிய பாத்திரத்தில் 65 முதல் 70 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஒவ்வொரு மணியும் தன் உமிக்குள்ளேயே சர்க்கரைப் பாகாகிவிடும். பிறகு ஓவனில் 120 டிகிரியில் தொடங்கி 150 வரை மெல்ல உயர்த்தி உலர்த்தினால், அந்தப் பாகு கண்ணாடிபோல இறுகிச் செந்நிறமாகும். கடித்துப் பாருங்கள், கடலை மிட்டாயின் பாகு நினைவுக்கு வரும். இந்தச் செய்முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நேரம் இருப்பவர்கள் விட்டுவிட வேண்டாம்.

கரிய வகைக்கு மால்ட்டைக் காப்பிக்கொட்டைபோல வறுக்க வேண்டும். லண்டனில் டேனியல் வீலர் 1817இல் மால்ட் வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, சிறிதளவு கரிய மால்ட்டைக் கொண்டே போர்ட்டர் பீருக்கு நிறம் ஏற்ற முடிந்தது. எஞ்சியதெல்லாம் வெளிர் மால்ட்டாக இருந்தால் போதும் என்றானது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை அறிமுகப்படுத்தினார். இன்று அந்த மலையில் காப்பி வறுக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அதே கைப்பக்குவம் இங்கும் செல்லும். நூறு கிராம் மால்ட்டைக் கனமான இரும்பு வாணலியில் சிறு தீயில் இட்டு, அரை மணி நேரம் கை நிறுத்தாமல் கிளறி, அடர்ந்த காப்பி நிறம் வந்ததும், முழுதும் கறுக்கும் முன்பே, தாம்பாளத்தில் கொட்டிப் பரப்புங்கள். உடனே பயன்படுத்தினால் கரிப்புகை மணம் தூக்கலாக இருக்கும். ஒரு வாரம் காற்றோட்டமான டப்பாவில் வைத்தால் தணியும். இதில் நொதி ஒன்றும் மிஞ்சாது. ஆகவே மொத்த மால்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள்.

தண்ணீர்

மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரி நீர் இதற்கு நன்றாக ஒத்துவருகிறது. குளோரின் வாடை இருந்தால் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருந்தால், மால்ட் கஞ்சியின் புளிப்புத் தன்மை குறைந்து நொதிகளின் வேகம் தளரும். உமியிலிருந்து துவர்ப்பும் இறங்கும். கொதிக்கவைத்து ஆற்றினால் அடியில் வெள்ளையாகப் படியும். தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டு, ஒரு கிலோ மால்ட்டுக்கு நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். வறுத்த மால்ட் இயல்பிலேயே புளிப்புத் தன்மை கொண்டது என்பதால் கரிய வகைக்குக் கடின நீர் பெரிய குறையாவதில்லை. கடின நீருள்ள டப்ளின் நகரம் கரிய ஸ்டௌட் பீருக்கும், மென்னீர் உள்ள பில்சன் பொன்னிறப் பீருக்கும் பெயர்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரைத்துச் சூட்டில் நிறுத்துதல்

பார்லி மால்ட்டை மாவாக்கக் கூடாது. திருகை இருந்தால் கல்லைச் சற்றே உயர்த்தி உடைத்தெடுங்கள். மிக்சியில் என்றால் விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓடவிடுங்கள். உள்ளிருக்கும் பருப்பு உடைய வேண்டும், உமி உருக்குலையக் கூடாது. வடிக்கும்போது அந்த உமிதான் சல்லடை.

சமையலறை வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்வதை நான் வற்புறுத்துகிறேன். பீட்டா அமைலேஸ் என்ற நொதி 62 முதல் 65 டிகிரிக்குள் சிறப்பாக வேலை செய்து மால்டோஸ் என்னும் சர்க்கரையைத் தரும். ஆல்பா அமைலேஸ் 68 முதல் 72 டிகிரிக்குள் வேலை செய்து, இனிப்புக் குறைந்த, வாயில் கனமாகப் படியும் டெக்ஸ்ட்ரினைத் தரும். 80 டிகிரிக்கு மேல் இரண்டும் அழியும். ஆகவே 64இல் நிறுத்தினால் இனிப்பான, லேசான பானம். 70இல் நிறுத்தினால் இனிப்புக் குறைந்த, கனமான பானம். ஆறு டிகிரி வேறுபாடு ஒரே மால்ட்டை இரண்டு பானமாக்குகிறது. தொடங்குபவர்கள் நடுவில், 66 டிகிரியில் நில்லுங்கள்.

ஒரு கிலோ உடைத்த மால்ட்டுக்கு மூன்று லிட்டர் வெந்நீர் அளவாக இருக்கும். வெந்நீரில் மால்ட்டைப் போட்டதும் சூடு இறங்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். சேலத்தில் மால்ட்டும் குழாய்த் தண்ணீரும் 30 டிகிரியில் இருக்கும் நாளில், 70 டிகிரி வெந்நீரில் போட்டால் கஞ்சி 65இல் நிற்கும். கொதிநீர் நான்கு பங்கு, குழாய்த் தண்ணீர் மூன்று பங்கு கலந்தால் சரியாக 70 வரும். ஏற்காட்டில் இந்தக் கணக்குப் பொருந்தாது. அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. குளிர்காலத்தில் மால்ட்டும் தண்ணீரும் 18 டிகிரிக்கு இறங்கியிருக்கும். அங்கே கொதிநீர் ஏழு பங்கு, பச்சைத் தண்ணீர் மூன்று பங்கு வேண்டும். எவர்சில்வர் பாத்திரமும் தன் பங்குக்குச் சூட்டை உறிஞ்சும்; முன்கூட்டியே வெந்நீர் ஊற்றிச் சுடவைத்துக் கொட்டிவிடுங்கள். 66 வேண்டும் என்பவர்கள் வெந்நீரை ஒரு டிகிரி கூட்டிக்கொள்ளலாம்.

வெந்நீரில் மால்ட்டைத் தூவிக் கட்டியில்லாமல் கிளறி, வெப்பமானியால் பார்த்துத் திருத்தி, பெரிய ஹாட்பாக்ஸில் மாற்றி மூடுங்கள்; அது இல்லையென்றால் மூடிய பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வையுங்கள். ஒரு மணி நேரம் போதும். மாவுச்சத்து முழுதும் உடைந்ததா என்று அறிய, தெளிவில் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலைத் தண்ணீரில் நீர்க்கச் செய்து ஒரு சொட்டு சேருங்கள். கருநீலமானால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது, இன்னும் இருபது நிமிடம் விடுங்கள். மஞ்சளாகவே இருந்தால் வேலை முடிந்தது. சோதித்த சொட்டுகளைக் கீழே கொட்டிவிடுங்கள், பாத்திரத்தில் சேர்க்காதீர்கள்.

கேழ்வரகுக்கு வழி வேறு. அதன் மாவுச்சத்து, பார்லியைவிடச் சற்றே உயர்ந்த சூட்டில்தான் குழைகிறது. குழையாத மாவுச்சத்தை நொதியால் எளிதில் உடைக்க முடியாது. குழையும் அளவுக்குக் கொதிக்கவைத்தால் நொதி அழிந்துவிடும். இந்த முரணைத் தீர்க்க, நொதியை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். அரை கிலோ கேழ்வரகு மால்ட்டை ரவைபோல உடைத்து, 45 டிகிரி வெதுவெதுப்பான இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். நொதிகள் நீரில் கரைந்து மேலே நிற்கும் தெளிவில் வந்துவிடும். அந்தத் தெளிவில் ஒரு லிட்டரைக் கலங்காமல் இறுத்துத் தனியே வையுங்கள். அடியில் தங்கிய மண்டியில் அரை லிட்டர் கொதிநீர் விட்டு, அடிப்பிடிக்காமல் துடுப்பால் கிளறியபடி பதினைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். களிபோல இறுகினால் இன்னும் கொஞ்சம் கொதிநீர் சேர்க்கலாம். இறக்கி 90 டிகிரிக்கு வந்ததும், எடுத்துவைத்த தெளிவை ஊற்றிக் கலக்குங்கள். சூடு 67 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். சில நிமிடங்களில் கஞ்சி இளகுவதைக் கண்ணாலேயே காணலாம். ஒன்றரை மணி நேரம் சூட்டில் நிறுத்துங்கள். பார்லியோடு ஒப்பிட்டால் கேழ்வரகில் பீட்டா அமைலேஸ் குறைவு. ஆகையால் இனிப்பு சற்றுக் குறைந்தே வரும், அது உங்கள் தவறு ஆகாது.

வடித்தலும் கொதிக்கவைத்தலும்

பார்லிக் கஞ்சியைத் துளைத்தட்டில் மெல்லிய வேட்டித்துணி விரித்து ஊற்றுங்கள். முதலில் வரும் கலங்கலைத் திரும்ப மேலேயே ஊற்றினால், உமி படுக்கையாகப் படிந்து, பிறகு சாறு தெளிவாக இறங்கும். இரண்டு லிட்டர் தண்ணீரை 75 டிகிரியில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விட்டுத் தங்கிய இனிப்பையும் கழுவி எடுங்கள். அதைவிடச் சூடான நீர் துவர்ப்பை இறக்கும், துணியைப் பிழிந்தால் சாறு கலங்கும். நான்கு லிட்டர் அளவுக்குச் சாறு கிடைக்கும். கேழ்வரகுக்கு உமிப்படுக்கை இல்லாததால் துணி அடைத்துக்கொள்ளும். நன்றாகக் கழுவிக் கொதிக்கவைத்த நெல் உமி இரண்டு கைப்பிடியைக் கஞ்சியில் கலந்து வடித்தால் அந்தச் சிக்கல் தீரும்.

வடித்த சாற்றை உடனே இருபது நிமிடம் கொதிக்கவையுங்கள். ஐரோப்பியர்கள் இந்த இடத்தில் கசப்புக்காக ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்ப்பார்கள். அது இந்தியாவில் இமாசலத்தின் லாகூல் போன்ற குளிர்ப் பகுதிகளில் விளைவது; நமக்கு அவசியமில்லை. ஏற்காட்டு மிளகும் இஞ்சியும் இனிப்பைச் சமன்செய்யப் போதுமானவை. கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது சேருங்கள், முன்னதாகச் சேர்த்தால் மணம் ஆவியாகிவிடும்.

நான்கு வகைகள்

பொன்னிற வகைக்கு வெளிர் பார்லி மால்ட் மட்டும் போதும். 64 டிகிரி, நான்கு லிட்டருக்கு ஒரு விரல் நீள இஞ்சி, தட்டிய மிளகு பத்து.

கரிய வகைக்கு வெளிர் மால்ட் 800 கிராம், பாகு மால்ட் 120 கிராம், வறுத்த மால்ட் 80 கிராம், 69 டிகிரி. மசாலா எதுவும் சேர்க்காதீர்கள், வறுத்த மணமே போதும். கேழ்வரகில் செய்வதானால், வறுத்த கேழ்வரகு மால்ட் 40 கிராமை, மண்டியைக் கொதிக்கவைக்கும்போது சேருங்கள்.

பெல்ஜியத்தின் வெள்ளைப் பீர் முறையில், முளைகட்டாத கோதுமையும் பார்லி மால்ட்டும் சம அளவு சேர்ந்து, கொத்தமல்லி விதையும் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் மணம் தருகின்றன. நமக்கு இதைவிட வசதியான வகை வேறு இல்லை. அரை கிலோ கோதுமை ரவையை முதலில் கஞ்சியாக வேகவைத்து, 70 டிகிரிக்கு ஆறவிட்டு, பார்லி மால்ட்டோடு கலந்து 66இல் நிறுத்துங்கள். மால்ட்டின் நொதி கோதுமையையும் சேர்த்து உடைத்துவிடும், ஜவ்வரிசிக் கஞ்சியை உடைத்ததுபோல. ஏற்காட்டு ஆரஞ்சின் தோலை வெள்ளைப் பகுதி இல்லாமல் மெல்லியதாகச் சீவி உலர்த்தி ஒரு மேசைக்கரண்டி, ஒன்றிரண்டாகத் தட்டிய தனியா இரண்டு தேக்கரண்டி, இரண்டையும் கொதியின் முடிவில் போட்டு மூடிவைத்து வடிகட்டுங்கள்.

நான்காவது புளித்த வகை. ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதன் சுவை அந்நியமாக இராது. கேழ்வரகுச் சாற்றைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, 42 டிகிரிக்கு ஆற்றி, தயிரின் மேல் நிற்கும் தெளிந்த நீர் இரண்டு மேசைக்கரண்டி விட்டு, ஹாட்பாக்ஸில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மூடிவையுங்கள். லாக்டிக் பாக்டீரியா இந்தச் சூட்டில் செழிக்கும். ஈஸ்டுக்கு இந்தச் சூடு ஒத்துவராது. நாவுக்குப் போதுமான புளிப்பு வந்ததும் மீண்டும் பத்து நிமிடம் கொதிக்கவைத்து நிறுத்திவிடுங்கள். சிட்டிகை உப்பு சேர்த்துக் குளிரவைத்துக் குடித்தால், கோடைக்கு இதற்கு இணையாக நான் எதையும் சொல்லமாட்டேன்.

வைத்திருத்தலும் பருகுதலும்

கொதித்த பாத்திரத்தைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் வைத்து விரைவாக ஆற்றி, கொதிநீரில் கழுவிய கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி, உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நாட்களுக்குள் குடித்துவிடுங்கள். மால்ட் சாறு சர்க்கரையும் புரதமும் நிறைந்தது. வெளியே வைத்தால் சேலத்துச் சூட்டில் ஒரே நாளில் தானாக நுரைக்கத் தொடங்கும். இறுக்கமாக மூடிய பாட்டில் வெடிக்கவும் கூடும். காற்றுப் புகாமல் மூடி வெளியே வைப்பதில், கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாமல் நஞ்சு உண்டாக்கும் கிருமிகள் வளரும் ஆபத்தும் உண்டு. நீண்ட நாள் வேண்டுமென்றால், அகலமான பாத்திரத்தில் சிறு தீயில் தேன் பதத்துக்குச் சுண்டக் காய்ச்சி, குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பாலிலும் கலக்கலாம்.

சாற்றைப் பாதியாகச் சுண்டவைத்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு குளிர்ந்த கோலி சோடா சேர்த்தால் பொன்னிற வகையும் ஆரஞ்சு வகையும் நுரையோடு நிற்கும். கரிய வகையைச் சோடா குறைத்து, அதிகம் குளிராமல் குடிப்பதே நல்லது. பார்லியிலும் கோதுமையிலும் குளூட்டன் வகைப் புரதம் இருப்பதால், அது ஒவ்வாதவர்களுக்குக் கேழ்வரகு வகைகளை மட்டும் கொடுங்கள். அதற்கென்று பாத்திரமும் துணியும் தனியாக இருக்கட்டும். மால்டோஸ் இரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும் என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் இதைச் சத்து பானம் என்று எண்ணிக் குடிக்க வேண்டாம்.

வடித்து எஞ்சிய சக்கையில் புரதமும் நாரும் மிகுதி. ஈரத்தோடு வைத்தால் மறுநாளே புளித்துவிடும். அன்றே மாட்டுத் தொட்டியில் சேர்த்துவிடுங்கள். பார்லிச் சக்கையை மெல்லியதாகப் பரப்பி வெயிலில் உலர்த்தி அரைத்து, கோதுமை மாவில் ஐந்தில் ஒரு பங்கு கலந்து சப்பாத்தியும் செய்யலாம்.